கைக்குள் ஒரு கணப்பு

சென்ற தை மாதத்தில், பழனிமலைத் தொடருக்கு விண்மீன் பார்க்கப் புறப்படுவதற்கு முந்தைய நாள், எங்கள் மூட்டைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் நாற்பது சிறு பொட்டலங்களை எடுத்துப் பார்த்து, "இவை என்ன?" என்று கேட்டார். ஹேண்ட் வார்மர் என்று விற்கிறார்கள், உறையைப் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் தானே சூடாகும், கை விறைக்காது என்று விளக்கினோம். அவர் சிரித்தார். "போவதோ பொழுதுபோக்குக்கு. அதில் கைக்குச் சூடு வேறா? குளிர் பொறுக்காதவர்கள் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாமே!" என்றார்.

அன்று அவருக்கு நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே சொற்களை நாங்களே ஒரு மாணவியிடம் சொல்லியிருக்கிறோம். அதன் விளைவையும் கண்டிருக்கிறோம். அந்த நினைவு வந்து வாயை அடைத்துவிட்டது. இக்கட்டுரை அவருக்கான மறுமொழி. எங்களுக்கே நாங்கள் சொல்லிக்கொள்ளும் மறுமொழியும்கூட.

ஹேண்ட் வார்மர் என்பதைக் 'கைக்கணப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். கணப்பு என்பது குளிர்காயும் தீக்கு நம்மிடம் உள்ள பழகிய சொல். கணப்புச்சட்டி என்று மண்சட்டியில் தணல் போட்டு வைத்திருந்த வீடுகள் உண்டு. எனவே சொல் புதிதானாலும் அதன் உள்ளே இருப்பது பழைய பொருளே. பொருளும் பழையதுதான் என்பதைக் கீழே காட்டுவோம்.

*

முதலில், வானத்தைப் பார்ப்பவனுக்குக் குளிர் ஏன் விதியாகிறது என்பதைச் சொல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்பே நம் மலைகளில் வானம் துலங்குகிறது. மார்கழி, தை, மாசி மாதங்களின் நிலவற்ற இரவுகளில்தான் கார்த்திகைக் கூட்டமும் செந்நிற ரோகிணியும் திருவாதிரையும் தலைக்கு மேலே ஒருங்கே வந்து நிற்கின்றன. மிருகசீரிடத்தை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ 1350 ஒளியாண்டுகளுக்கு அப்பால் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வேட்டைக்காரன் ஒண்முகிலைச் சிறு தொலைநோக்கியிலேயே காணலாம்.

ஆனால் வானத்தைத் துலக்கும் அதே நிலைமைதான் தரையைக் குளிர வைக்கிறது. மேகம் பூமிக்குப் போர்வை. பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் வெளியேறும்போது மேகம் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. போர்வை விலகிய இரவில் வெப்பம் தடையின்றி விண்ணுக்குப் போய்விடுகிறது. உதகையிலும் மேல்பழனியின் பள்ளத்தாக்குகளிலும் புல்லின்மேல் உறைபனி படிவது இத்தகைய மேகமற்ற, காற்றற்ற இரவுகளில்தான். ஆகவே விண்மீனை வேண்டுமென்று கேட்டுவிட்டுக் குளிரை வேண்டாமென்று சொல்ல இயலாது. இரண்டும் ஒரே இரவின் இரு கைகள்.

இன்னொன்றும் உண்டு. மலையேறுகிறவன் நடக்கிறான், நடை அவன் உடலைச் சூடாக்குகிறது. வானம் பார்ப்பவன் நிற்கிறான். விடியலில் பறவை பார்ப்பவனும், நீர்க்கரையில் தூண்டிலோடு காத்திருப்பவனும், கேமராவைத் தாங்கியில் பொருத்திவிட்டுக் காத்திருப்பவனும் அவ்வாறே. அசையாமைதான் இந்தப் பொழுதுபோக்குகளின் முதல் ஒழுக்கம். அசையாத உடல் விரைவில் குளிர்ந்துபோகும். ஆனால் கைகளுக்கு மட்டும் வேலை இருந்துகொண்டே இருக்கும். மயிரிழை அளவு திருகைத் திருப்பவேண்டும், கண்ணருகு வில்லையை இருட்டில் மாற்றவேண்டும், குறிப்பேட்டில் எழுதவேண்டும். தடித்த கையுறைக்குள் இந்த வேலைகள் நடவா. மெல்லிய கையுறை போதுமான காப்புத் தராது. இந்த இக்கட்டில்தான் கைக்கணப்புக்கு இடம் பிறக்கிறது.

*

2018ஆம் ஆண்டுத் தை மாதம். மன்னவனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், உருளைக்கிழங்கு வயலை ஒட்டிய மேட்டில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தோம். தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் இருவரும், இயற்பியல் துறை நண்பர் ஒருவரும், முதுகலை மாணவர் பதினான்கு பேரும் போயிருந்தோம். இலக்கியத்தில் நாள்மீன் பெயர்களைப் படிப்பவர்கள் அவற்றை ஒருமுறையேனும் வானத்தில் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கட்சி. அந்தக் கட்சியில் இன்றும் மாற்றமில்லை.

இரவு பதினொன்றரை மணிக்கு வெப்பமானியில் 5 டிகிரி செல்சியசு. எங்களுக்கு இடம் கொடுத்த வீட்டுப் பாட்டி தன் வாசலில் விறகு மூட்டியிருந்தார். ஒரு மாணவி வந்து, "ஐயா, கை மரத்துப்போச்சு. கொஞ்ச நேரம் பாட்டிகிட்டப் போய்க் குளிர் காய்ஞ்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். தீயருகே போனால் இருளுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், மீண்டும் பழக அரைமணி ஆகும் என்பது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் போதும். நாங்களோ, "குளிருக்கு அஞ்சுபவர்க்கு வானம் இல்லை அம்மா" என்று சொன்னோம். இருட்டில் எல்லாரும் சிரித்தனர். அந்த வரி எங்களுள் எவர் வாயில் பிறந்தது என்று இப்போது பிரித்துச் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். சொன்னோம், சிரித்தோம்.

அவள் போகவில்லை. ஒன்றரை மணி அளவில் தன் முறை வந்தபோது கண்ணருகு வில்லையை மாற்ற முயன்றாள். அது விரல்களிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்து உடைந்தது. அவள் அழுதாள். வில்லையின் விலையைக் கேட்போமோ என்ற அச்சத்தில் அழுதாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது அவளுடைய விரல்கள் நான்கு, நடுக்கணு வரை மெழுகைப்போல் வெளுத்திருந்தன. சத்தம் கேட்டு மேலே வந்த பாட்டி, அவள் கைகளைப் பற்றித் தன் கம்பளிக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வாத்தியாரய்யா, புள்ள கை கல்லு மாதிரி சில்லுனு கெடக்கு. நீங்க எல்லாரும் மேலயே பாத்துக்கிட்டு நிக்கிறீகளே!"

நாங்கள் நின்றுகொண்டிருந்த மலை பேகனின் மலை. வையாவிக் கோப்பெரும்பேகன் இந்தப் பழனிப் பகுதிக்கு உரியவன். மயிலுக்குக் குளிருமே என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறோம். 'மயிலுக்குப் போர்வை எதற்கு, அதற்குத்தான் இறகு இருக்கிறதே' என்று மாணவர்கள் கேட்டால், அதுவே கொடைமடம் என்று விளக்கம் தருகிறோம். மயில் கேட்கவில்லை, அவன் கொடுத்தான். மாணவி கேட்டாள், நாங்கள் மறுத்தோம். அதுவும் அவன் மலையிலேயே.

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை.

*

கை விறைப்பது மனவுறுதிக் குறைவு அன்று என்பதைப் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டோம். உடல் குளிர்ந்தால் அது முதலில் காப்பது இதயம், மூளை முதலிய உள்ளுறுப்புகளைத்தான். அதற்காக விரல்களுக்குப் போகும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. குருதி குறைந்த விரல் உணர்வை இழக்கிறது. நுட்பமாக இயங்க மறுக்கிறது. இது எல்லார்க்கும் பொது. ஆனால் சிலருக்கு இச்சுருக்கம் அளவு கடந்து நிகழ்கிறது. விரல்கள் முதலில் வெளுத்து, பின் நீலம் பாய்ந்து, குருதி திரும்பும்போது சிவந்து எரிகின்றன. 1862இல் மொரீசு ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். அவர் பெயராலேயே ரேனோ நிகழ்வு என்று இன்றும் வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. சமவெளியில் வாழும் ஒருவருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாமல் போகலாம். மதுரை வெயிலில் விரல் வெளுக்க வாய்ப்பு ஏது? முதல் மலைக்குளிரில்தான் தெரியவரும்.

கையுறை ஏன் போதாது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்கிறது. குருதி வராத விரலில் காப்பதற்கு வெப்பம் எங்கே இருக்கிறது? அங்கே வெளியிலிருந்து சூடு தந்தாகவேண்டும்.

*

இதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பத்துப்பாட்டில் நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். நக்கீரர் பாடிய 188 அடிகளில் முற்பகுதி முழுவதும் கூதிர்காலக் குளிர்தான். அதைத் தலைவியின் தனிமைக்கான பின்புலம் என்றே நாம் கற்பிக்கிறோம். ஒருமுறை கைகளை மட்டும் கவனித்துப் படித்துப் பார்க்கலாம். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர், பலராகக் கூடி, கையில் கொள்ளியோடு கன்னம் புடைக்க நடுங்குகின்றனர். ஊருக்குள் தண்ணீர்க் கன்னலைத் தொடுவாரில்லை. அகன்ற வாயையுடைய தடவில் நெருப்பு மூட்டிக் காய்கின்றனர். தடவு என்பதற்கு இந்தளம் என்று உரை. தணல் இடும் கணப்புச்சட்டியேதான்.

மூன்றாவதாக வரும் காட்சிதான் எங்களை நிறுத்தியது. ஆடல் மகளிர் பாட்டுக்கு இசையக் கூட்டவேண்டும்; குளிரால் யாழ் நரம்பின் குரல் திரிந்து கிடக்கிறது. அவர்கள் நரம்பைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு நிறுத்துகின்றனர். பலமுறை கற்பித்த பகுதி. அதில் உள்ள செய்தி இவ்வளவு எளியது என்று எங்களுக்குப் பட்டதில்லை. குளிர் கலையின் கருவியைக் கெடுக்கும். கலையைச் செய்ய விரும்புகிறவர் முதலில் கருவிக்குச் சூடு தருவார். 'குளிரைத் தாங்கிக்கொண்டு திரிந்த குரலிலேயே வாசி' என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

இன்று வானம் பார்ப்போர் செய்வதும் இதுவே. இரவுப் பனி தொலைநோக்கியின் முன்வில்லையில் படிந்து காட்சியை மறைக்கும்போது, கைக்கணப்புப் பொட்டலம் ஒன்றிரண்டை வில்லையின் ஓரத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டையால் கட்டிவிடுகிறார்கள். வில்லை காற்றைவிடச் சிறிதளவு சூடாக இருந்தால் போதும், பனி படியாது. கேமராவின் மின்கலம் குளிரில் விரைவில் சோர்ந்துவிடும். அதையும் உள்சட்டைப் பையில் உடல்சூட்டில் வைத்துக் காக்கிறார்கள். யாழுக்கும் வில்லைக்கும் உள்ள உறவைக் கண்டுகொள்ள எங்களுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

*

நெருப்பைக் கூடவே எடுத்துச் செல்லும் முயற்சியில் குளிர்நாடுகள் நெடுந்தொலைவு போயிருக்கின்றன. காசுமீரத்தின் காங்கிரி நாம் அறிந்ததே. சிறு மண்பானையில் தணல் இட்டு, அதைச் சுற்றி மெல்லிய கொம்புகளால் கூடை பின்னி, பிரன் என்னும் தளர்ந்த மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். திசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் சில்லை கலான் என்னும் கடுங்குளிரைப் பல தலைமுறைகள் இதை அணைத்தபடியே கடந்திருக்கின்றன. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தணலின் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோன்றும் தோல் புற்றுநோய்க்குக் காங்கிரிப் புற்று என்றே மருத்துவ நூல்களில் பெயர்.

சப்பானியர் கற்களைச் சூடாக்கித் துணியில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டனர். பின்னர்ச் சிறு உலோகப் பெட்டிக்குள் கரித்தூளைக் கனியவிட்டனர். இதற்குக் கைரோ என்று பெயர். எழுத்துக்கு எழுத்துப் பொருள் பார்த்தால் மார்புச்சட்டைக்குள் வைத்த அடுப்பு. நாம் சொன்னால் மடிக்கணப்பு என்போம். 1923இல் மத்தோபா நியிச்சி என்பவர் 'ஹக்கின் கைரோ'வைச் செய்தார். பெட்ரோலிய பென்சைன் எண்ணெயின் ஆவி பிளாட்டினம் பூசிய திரியின்மேல் சுடரின்றி மெல்ல எரிந்து பல மணி நேரம் சூடு தரும். ஹக்கின் என்றால் பிளாட்டினம். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. 1978இல் 'ஹொக்கரோன்' என்னும் பெயரில் பரவலாக வந்த ஒருமுறைப் பொட்டலம்தான் இன்று நம் கைக்கு வந்திருப்பதன் மூதாதை.

அதனுள் இருப்பது மிக எளிய பொருள். இரும்புத்தூள், நீர், உப்பு, கரித்தூள், ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமம் ஆகியவை. உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிசன் உட்புகுந்து இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. நம் வீட்டுச் சன்னல் கம்பி பல ஆண்டுகளில் துருவேறும்போதும் இதே வெப்பம்தான் வெளிப்படுகிறது. மெல்ல வெளிப்படுவதால் நாம் உணர்வதில்லை. இங்கே தூளாக்கி, உப்பிட்டு, ஓரிரவுக்குள் அந்தத் துருவை முடித்துவிடுகிறார்கள். எட்டுப் பத்து மணி நேரம் சூடு கிடைக்கிறது. துருவே கணப்பாகும் விந்தை இது.

இன்னொரு வகை, சோடியம் அசிட்டேட் கரைசல் அடைத்த ஒளியூடுருவும் பை. உள்ளிருக்கும் சிறு உலோகத் தகட்டைச் சொடுக்கினால் நீர்மம் முழுதும் கண்ணெதிரே படிகமாகிச் சூடு வெளிப்படும். வெந்நீரில் கொதிக்க வைத்தால் மீண்டும் நீர்மமாகும், மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் ஒரு மணி நேரம் அளவே தாங்கும். மின்கலத்தால் இயங்கி, செல்பேசியைப்போல் மின்னேற்றிக்கொள்ளும் வகையும் இப்போது எளிதில் கிடைக்கிறது.

*

இவற்றைப் பயன்படுத்துவதில் நாங்கள் பட்டறிந்தவற்றைச் சொல்வது கடமை.

பொட்டலத்தைத் தோலோடு ஒட்டி வைக்கலாகாது. 44 டிகிரி அளவிலான மிதமான சூடுகூட, பல மணி நேரம் ஓரிடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோலைச் சுட்டுவிடும். இரும்புப் பொட்டலமோ 50 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது. துணிக்கு வெளியே, இடம் மாற்றி மாற்றி வைக்கவேண்டும். அணிந்தபடி உறங்கக் கூடாது. மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. ஆதலால் மரத்த பின் சூடு வைப்பதைவிட, மரக்குமுன் வைப்பதே அறிவு. உள்ளங்கையில் இறுக்குவதைவிட மணிக்கட்டின் உட்பக்கத்தில், கையுறைக்கும் உள்ளுறைக்கும் நடுவே வைப்பது நல்ல பயன் தருகிறது. விரலுக்குப் போகும் குருதி அவ்வழியாகத்தான் தோலுக்கு அருகே ஓடுகிறது. தலையும் மார்பும் குளிர்ந்திருக்கையில் கையை மட்டும் சூடாக்கிப் பயனில்லை என்பதையும் மறக்கலாகாது. நீரிழிவால் கைகால் உணர்வு குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவேண்டா.

பொட்டலத்துக்கு மூச்சு வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் அது அடங்கிவிடும். இதையே நம் வசதிக்கும் திருப்பலாம்: இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டால், காற்றை வெளியேற்றி இறுக மூடும் நெகிழிப்பையில் போட்டுவிட்டால் துருவேற்றம் நிற்கும், மறுநாளும் பயன்படும். உயரமான இடங்களில் சூடு குறைவதற்கும் இதுவே காரணம். எங்கள் இயற்பியல் நண்பர் 2023 அக்டோபரில் லடாக்கின் ஹான்லேவுக்குப் போனார். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி இருக்கும் இடம். 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிசனில் ஐந்தில் மூன்று பங்கே அங்கே கிடைக்கும். "எனக்கு மூச்சு வாங்கியது, பொட்டலத்துக்கும் வாங்கியது" என்று அவர் வந்து சொன்னார். அங்கே மின்கல வகையே அவருக்குக் கைகொடுத்தது. பெருந்தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசக்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகவே இயக்குகிறார்கள் என்பதையும் அவர் சொன்னார். அறிவியலாளர் கதகதப்பான அறையில் அமர்ந்து பார்த்தால் அவருடைய வானம் குறைந்துவிடுகிறதா? இல்லையே. அப்படியிருக்கப் பொழுதுபோக்காளரிடம் மட்டும் தவத்தை எதிர்பார்ப்பது ஏன்?

எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று. பொட்டலம் இல்லையென்று கரித்தணலைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கொண்டுபோய் வைத்துவிட்டு உறங்கக் கூடாது. கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குகிறவர் விழிக்கமாட்டார். கணப்பு வாசலில் இருக்கவேண்டும். பாட்டி மூட்டியதும் வாசலில்தான்.

*

எதிர்வாதங்களை நாங்கள் அறியாமலில்லை. ஓரிரவு வெதுவெதுப்புக்காக இரண்டு பொட்டலங்களைக் குப்பையாக்குவது தகுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. உள்ளிருப்பது துருவும் கரியுமே ஆனாலும் மேலுறை நெகிழி. எனவே எண்ணிக் கொண்டுபோனதை எண்ணித் திருப்பிக் கொண்டுவருகிறோம். மலையில் ஒன்றைக்கூட விடுவதில்லை. மீண்டும் பயன்படும் வகைகளுக்குப் படிப்படியாக மாறிவருகிறோம்.

இதைவிடக் கனமான கேள்வி வேறொன்று. நாங்கள் விண்மீன் பார்த்துவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில், அதே ஊரில் பெண்கள் உறைபனி படிந்த வயலில் கேரட் பிடுங்க இறங்குகிறார்கள். அவர்களுடைய கைகளுக்கு எந்தக் கணப்பு? ஈரமண்ணில் வேலை செய்யும் கைக்கு எங்கள் பொட்டலம் உதவாது; நனைந்தால் அது செத்துப்போகும். அவர்களுக்கு வேண்டியவை நீர் புகாத கையுறை, வரப்போரத்தில் ஒரு தீ, வெயில் ஏறிய பின் வேலை தொடங்கும் உரிமை. இவற்றைக் கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்காமலிருக்க, 'உழைப்பவர்கள் தாங்குகிறார்களே, உங்களுக்கு என்ன?' என்று அவர்களையே உவமையாகக் காட்டி எங்கள் மாணவியின் வாயை அடைப்பது பெருங்குற்றம். பிறர் தாங்கும் துன்பம் இன்னொருவரும் தாங்கவேண்டும் என்பதற்குச் சான்றாகாது. இருவருக்கும் அது நீங்கவேண்டும் என்பதற்கே சான்றாகும்.

கடைசியாக, தாங்கிக்கொள்வதே இன்பம் என்பாரும் உளர். அவர்கள் தாங்கட்டும். தம் உடம்பைத் தாமே வருத்திக்கொள்ள எவர்க்கும் உரிமையுண்டு. பிறர் உடம்புக்கு அந்த நோன்பை விதிக்கும் உரிமைதான் எவர்க்கும் இல்லை. சிறப்பாக, மதிப்பெண் போடும் ஆசிரியர்க்கு இல்லை.

*

2023இல் மதுரைப் புத்தகக் கண்காட்சியில் அந்த மாணவியைச் சந்தித்தோம். ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறார். நாங்களே அந்த இரவைப் பற்றிப் பேச்செடுத்து, தவறு எங்களுடையது என்று சொன்னோம். அவருக்கு இருப்பது ரேனோ நிகழ்வுதான் என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறாராம். குளிரூட்டிய அறைகளில்கூட விரல் வெளுக்கிறதாம். சிறிது நேரம் கழித்து, "ஐயா, நீங்கள் அன்று சொன்னது நல்ல வரிதான். வகுப்பில் சொல்லியிருக்கலாம், மலையில் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். மூன்று பேரும் தலைகுனிந்து நின்றோம். உடைந்த வில்லையின் விலையை நாங்கள் கேட்காததற்கு அவர் நன்றி சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு, தொலைநோக்கியின் உறையைப் பிரிக்குமுன் கைக்கணப்பைப் பகிர்ந்தளிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். கேட்ட பின் கொடுப்பதில்லை, கேட்குமுன்பே ஆளுக்கு இரண்டு. சென்ற தையிலும் அவ்வாறே கொடுத்தோம். ஒரு மாணவன் மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம் ஐயா. நான் தாங்கிக்கொள்வேன்" என்றான். குரலில் பெருமிதம் இருந்தது. அந்தக் குரலை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மறுத்துப் பேசாமல் இரண்டையும் அவன் பக்கத்தில் பாறைமேல் வைத்துவிட்டு வந்தோம்.

பின்னிரவில் பனி கடுமையாக இறங்கியது. ஒண்முகில் மங்கி மறைந்தது. வில்லை மூடிக்கொண்டது என்று புரிந்து நாங்கள் துணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் தன்னுடைய இரண்டு பொட்டலங்களையும் வில்லையின் ஓரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் காட்சி தெளிந்தது. முதலில் பார்த்தவனும் அவனே. எங்களிடம் மிச்சமிருந்த இன்னும் இரண்டை அவனிடம் நீட்டினோம். இம்முறை வாங்கிக்கொண்டான்.